“ஏன் இத்தனை இடம் மாறினீங்க?”

(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு வருஷம் புறக்கோட்டைத் துணிக்கடை, ஆறு மாதம் ஹோட்டல், பிறகு கார்மென்ட். அதற்குப் பிறகு நல்ல இடமாகப் பார்த்து நேர்முகப் பரீட்சைக்குப் போனால், “ஏன் தம்பி இத்தனை இடம் மாறினீங்க?” என்று கேட்கிறார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது.

வெட்கப்பட என்ன இருக்கிறது? நம்ம பாட்டன்மார் காலத்தில் துண்டு முறை இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அதை அடுத்த தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வேலை மாறுகிற உரிமை நமக்குச் சும்மா வந்ததில்லை.

ஆனால் கேட்கிறவர் பக்கமும் பாருங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு, தீபாவளிக்கு என்று லீவில் வருகிற சில பையன்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். கடைசிச் சம்பளமும் போச்சு, சேவைக் கடிதமும் போச்சு. நம்மகிட்டயும் இப்படித்தானே செய்வான் என்று புது முதலாளி பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

பொய் வேண்டாம். வேலை செய்த இடத்தை மறைத்தால், “அந்த எட்டு மாசம் எங்க இருந்தீங்க?” என்று அடுத்த கேள்வி வரும். ஓர் இடத்துக்கு ஒரு வசனம் போதும். “2020இல் கொரோனாவில் கடையை மூடினாங்க.” “2022இல் காஸ் இல்லாமல் ஹோட்டலில் ஆள் குறைச்சாங்க.” நாடே பட்ட கஷ்டம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டுக் காரணம் என்றால் அது தீர்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “அம்மாவுக்குச் சுகமில்லாம வந்தேன், இப்ப தங்கச்சி பார்த்துக்கிறா.” பழைய முதலாளியைத் திட்ட வேண்டாம், அவர் திட்டு வாங்க வேண்டிய ஆளாகவே இருந்தாலும்! “பேசின சம்பளம் கிடைக்கல்ல” என்று நிறுத்திவிட்டு, அங்கே பழகின தொழிலைச் சொல்லுங்கள். துணி அளந்து வெட்டத் தெரியும், வருகிறவர்களோடு சிங்களத்தில் பேசத் தெரியும் என்பதெல்லாம் பெரிய தகுதி.

வாய்ப்பேச்சுக்குக் கடுதாசி துணை வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலைக்குச் சேரும்போதே வேலை விபரத்தை எழுத்தில் தர வேண்டும். சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 8 நம்முடையது, 12 முதலாளியுடையது. நம்பிக்கை நிதியத்துக்கு 3 அவரே தனியாகக் கட்ட வேண்டும். தற்காலிக ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். இடத்துக்கு இடம் அங்கத்துவ இலக்கம் வேறு. எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கே எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

இன்னொன்று. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருஷம் பூர்த்தியானால் சேவைக்காலப் பணம் உண்டு, தானாக விலகினாலும் உண்டு. நாலரை வருஷத்தில் கோபித்துக்கொண்டு வருகிற பிள்ளையிடம், தாய்மாரே, இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வீட்டில் சம்பளத் துண்டு, பழைய கடிதம் எது கிடந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். இருந்து வரிசைப்படுத்தித் தருகிறேன்.