முத்துக்கரையிலிருந்து பொதுப்பணிப் படிப்புக்கு: விண்ணப்பத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

(பட்டப்படிப்பை முடிக்கும் இளைஞர்களுக்காகத் தூத்துக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் நிறையப் பேர் கையில் போன் இருக்கு. மின் கட்டணம், ரயில் டிக்கெட், பட்டா விவரம் எல்லாம் அதிலேயே பார்த்துவிடுகிறீர்கள். ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பம் என்று வந்தால் மட்டும், கடைசி நாள் சாயங்காலம் நெட் சென்டர் வாசலில் வரிசையில் நிற்கிறோம். அந்தக் கடைசி நாள் அவசரத்தில் ஒரு வருஷமே போய்விடும். அதனால் இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பொதுப்பணி என்றதும் ஐ.ஏ.எஸ்., குரூப் 1 என்று தேர்வுகள்தான் நமக்கு நினைவுக்கு வரும். தேர்வு எழுதி வேலைக்குப் போவது ஒரு வழி. அரசு எப்படி நடக்கிறது, ஒரு திட்டம் ஏன் ஜெயிக்கிறது, ஏன் தோற்கிறது என்பதை முதுகலையில் முறையாகப் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வருவது இன்னொரு வழி. பொது நிர்வாகம், பொதுக்கொள்கை, சமூகப்பணி, வளர்ச்சிப் படிப்பு என்று பல பெயர்களில் இந்தப் படிப்புகள் இருக்கின்றன. எந்தப் பட்டம் பெற்றவரும் இவற்றில் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பி.காம். படித்தவரும் போகலாம், மீன்வள அறிவியல் படித்தவரும் போகலாம்.

எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன?

முதல் கதவு, மத்திய அரசின் நிதியில் இயங்கும் நிறுவனங்கள். மும்பையில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-இல் தொடங்கியபோதே பட்டதாரிகளுக்கான சமூகப்பணிப் பள்ளியாகத்தான் தொடங்கியது. இப்போது இதற்கும் மத்திய பல்கலைக்கழகங்களுக்கும் கியூட்-பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. தேசியத் தேர்வு முகமை நடத்தும் கணினித் தேர்வு இது. 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் குறையும். மொழிப்பாடங்கள் தவிர மற்றவற்றில் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு பழைய வினாத்தாள்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதவு, நம் மாநிலத்தில் இருப்பவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை, 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளி, காந்திகிராம கிராமிய நிறுவனம் ஆகியவை உதாரணங்கள். பெங்களூரில் இருக்கும் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தனியாக நுழைவுத் தேர்வும் நேர்காணலும் நடத்துகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறது.

மூன்றாவது கதவு, முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். 2022-இல் முதல் அணிக்கு 30 பேர் என்று அறிவித்தார்கள். திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளி. 2 ஆண்டுகள் அரசுத் துறைகளோடு வேலை, கூடவே பொதுக்கொள்கைப் படிப்பு. அந்த அணிக்கு மாதம் 65,000 ரூபாயும், பயணம் போன்ற செலவுகளுக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. வயது 22 முதல் 30 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல் வகுப்புத் தேர்ச்சியும் தமிழறிவும் கட்டாயம். முதல்நிலைத் தேர்வு, எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று படி. ஒவ்வோர் அணிக்கும் நிபந்தனைகள் மாறலாம் என்பதால் அந்தந்த அறிவிப்பைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

குடிமைப் பணித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும் உதவி இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கொடுக்கும் ஏற்பாடு 2023-இல் வந்தது. மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர்கள், மீனவர் நல வாரிய உறுப்பினர்கள் வீட்டுப் பட்டதாரிப் பிள்ளைகளில் ஆண்டுக்கு 20 பேருக்குக் குடிமைப் பணிப் பயிற்சி தரும் திட்டம் மீன்வளத் துறையில் இருக்கிறது. நம்ம கடற்கரை ஊர்களில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? அப்பாவின் நல வாரிய அட்டையை எடுத்து, பதிவு நடப்பில் இருக்கா என்று இன்றைக்கே பாருங்கள்.

பெயரில்தான் முதல் சிக்கல்

இந்தக் கரைக்கே உரிய ஒரு விஷயம் சொல்கிறேன். பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாடோ, கோமஸ் என்று நம்ம ஊரில் குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் தலைப்பெழுத்து இருக்கும். ஆதாரில் குடும்பப் பெயர் முழுதாக இருக்கும். சாதிச் சான்றிதழில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். குடும்பப் பெயர் இல்லாத வீடுகளிலும் இதே கதைதான். ஆதாரில் அப்பா பெயரே பின்பெயராக வந்து உட்கார்ந்திருக்கும்.

மனிதர்களுக்கு இது ஒரே ஆள் என்று புரியும். கணினிக்குப் புரியாது. விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோலப் பெயரைப் போடுங்கள். ஆதார் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பக் காலத்துக்கு முன்பே ஆதார் மையத்தில் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தத்துக்கு நாள் பிடிக்கும். கடைசி வாரத்தில் போய் நின்றால் நடக்காது.

இரண்டு சாதிச் சான்றிதழ்

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

நம் கையில் இருப்பது பி.சி., எம்.பி.சி. என்று மாநில அரசு தரும் சாதிச் சான்றிதழ். மாநிலக் கல்லூரிக்கு அது போதும். மத்திய நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கேட்க ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதில் வளமான பிரிவைச் சேர்ந்தவர் இல்லை என்ற உறுதியும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் அதே பெயரில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முதலில் மத்தியப் பட்டியலில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இது பெற்றோரின் வருமானக் கணக்கு. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேராது. அரசுப் பணியிலோ பொதுத்துறையிலோ பெற்றோர் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள். துறைமுகத்திலோ அரசு அலுவலகத்திலோ அப்பா வேலை பார்க்கிறார் என்பதற்காக நமக்குக் கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

தேதியும் முக்கியம். ஓ.பி.சி. சான்றிதழ் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு தங்கச்சி டிசம்பரில் விண்ணப்பம் போடுகிறாள். கையில் இருக்கும் சான்றிதழை ஏற்றிவிடுகிறாள். மார்ச்சில் தேர்வு நன்றாக எழுதுகிறாள், இடமும் கிடைக்கிறது. சேர்க்கை ஜூனில், ஜூலையில். அப்போது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் கேட்கிறார்கள். ஊரிலிருந்து வாங்கி அனுப்ப ரெண்டு வாரம் ஆனால், இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே புதுச் சான்றிதழுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.

இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். வீட்டிலிருந்தே போனில் இ-சேவைத் தளத்தில் பதிவு செய்தும் மனுச் செய்யலாம். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகும். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நிலையை நீங்களே பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் காரணம் அதிலேயே இருக்கும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் பற்றியும் கேட்பீர்கள். அந்தக் கட்டணச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளின் இளநிலைச் சேர்க்கைக்கானது. முதுகலைக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கல்விக்கடன் வேண்டுமானால் பி.எம். வித்யாலட்சுமி தளத்தைப் பாருங்கள். அதன் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்குப் பிணையில்லாக் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

போனில் செய்யும்போது

நெட் சென்டரில் உதவி கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் போடும் மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். நுழைவுச்சீட்டும் திருத்த அறிவிப்பும் அவருக்குப் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கடலுக்குப் போகும் அண்ணன் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. வரும் நேரத்தில் அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பார்.

சான்றிதழ்களை டிஜிலாக்கரில் சேர்த்து வையுங்கள். புகைப்படம், கையெழுத்து கோப்பு அளவை அறிவிப்பில் பார்த்துச் சரிசெய்யுங்கள். பணம் கட்டிய பிறகு உறுதிப் பக்கத்தைச் சேமித்தால்தான் விண்ணப்பம் முடிந்ததாக அர்த்தம்.

கியூட் எழுதினால் இடம் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மதிப்பெண் இருந்தும் இதைச் செய்யாததால் இடத்தை இழப்பவர்கள் உண்டு.

பணம் கட்டினால் சீட் உறுதி என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால்?

நோக்க அறிக்கையிலும் நேர்காணலிலும் இந்தக் கேள்வி வரும். "மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று எல்லாரும் எழுதுவார்கள். படிப்பவருக்கு அதில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம்ம ஊரையே பாருங்கள், எழுத எவ்வளவு இருக்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணத்தை 2023-இல் 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மீன் ஏலக்கூடத்தில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அந்த 61 நாள் எப்படிப் போகிறது? மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் உண்டு. யார் தொழிலாளி என்று எந்தப் பதிவேட்டை வைத்து முடிவு செய்கிறார்கள்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. உங்கள் தெருவுக்கு எச்சரிக்கை எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது?

முத்துக்குளிப்பே ஒரு நிர்வாகப் பாடம்தான். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது என்று அரசு ஆய்வு செய்துதான் குளிப்புக்கு அனுமதி கொடுத்தது. அள்ளிய சிப்பியில் குளியாளிக்கு ஒரு பங்கு, மீதி அரசுக்கு. கடைசிக் குளிப்பு 1961-இல் நடந்தது. பொதுச் சொத்தை யார் அளப்பது, யாருக்கு எவ்வளவு, எப்போது நிறுத்துவது? இன்றைய பொதுக்கொள்கை வகுப்பிலும் இதே கேள்விகள்தான்.

முன்மாதிரிக்கும் வெளியே தேட வேண்டாம். ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து 1909 முதல் பல முறை தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்தார். குடிநீருக்குத் தவித்த இந்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தவர் அவர். அவர் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அப்படி ஒரு திட்டத்துக்குப் பணம், அனுமதி, நிலம், குழாய் எல்லாம் எப்படித் திரட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்து வந்தவர் பேசுவது தனியாகத் தெரியும்.

உங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரு பிரச்சினை, அதற்கு இப்போது இருக்கும் திட்டம், அது எங்கே தடுக்குகிறது, அதைச் சரிசெய்ய நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும். இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரிந்தால் தேர்வாளருக்கும் புரியும்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை நோட்டில் எழுதுங்கள். ஓ.பி.சி. பட்டியலைப் பாருங்கள். கியூட்-பி.ஜி. விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரியில் வரும். அது நமக்கு மழைக்காலம், மின்சாரமும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

வீட்டில் யாரும் இதற்கு முன் இப்படிப் படித்ததில்லையே என்ற தயக்கம் இருக்கலாம். அந்தத் தயக்கம் உங்களைத் தடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் உங்கள் கல்லூரியிலோ இ-சேவை மையத்திலோ கேளுங்கள். தெரிந்துகொண்டதை அடுத்த தெருத் தம்பி தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுங்கள்.