மரமா, வலையா?



ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றவர்கள், கொத்துக் கொத்தாகச் செந்நிறப் பூக்கள் பூக்கும் ரொடொடெண்ட்ரன் மரத்தைக் கண்டிருப்பீர்கள். 'ரொடோன்' என்றால் கிரேக்க மொழியில் ரோசா. 'டெண்ட்ரன்' என்றால் மரம். இந்த மரம் நமது தலைக்குள்ளும் இருக்கிறது. நரம்புக் கலத்திலிருந்து கிளைவிட்டுப் பரந்து, ஏனைய கலங்களின் செய்திகளை ஏற்கும் பகுதிகளுக்கு 'டெண்ட்ரைட்' என்று பெயர்.

இப்பெயரை 1889இல் வழங்கியவர், ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உடற்கூற்றியல் கற்பித்த வில்ஹெல்ம் ஹிஸ். வடிவத்தைக் கண்டு இட்ட பெயர்தான். ஆயினும் அக்காலத்தில் பெரியதொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

1873இல் இத்தாலியரான கமில்லோ கொல்கி, வெள்ளி உப்பினால் நரம்புக் கலங்களைக் கறுப்பாக்கிக் காணும் முறையைக் கண்டறிந்தார். நரம்புகள் யாவும் இடையறாது பின்னிய ஒரே வலை என்பது அவர் கொள்கை. இக்கிளைகள் கலத்துக்கு ஊட்டம் பெறவே உள்ளன என்றும் எண்ணினார். கருவில் ஒவ்வொரு நரம்புக் கலமும் தனித்தனியே வளர்வதைக் கண்ட ஹிஸ் இதனை ஏற்கவில்லை. ஸ்பானியரான ரமோன் இ கஹாலோ, கொல்கியின் முறையைக் கொண்டே கொல்கியை மறுத்தார். ஒவ்வொரு கலமும் தனி மரம். கிளைகள் நெருங்கும், ஒட்டிக்கொள்வதில்லை என்றார்.

1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர். அந்த மேடையிலும் கொல்கி தமது கொள்கையை விடவில்லை. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி, கலங்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டியது. மரம் வென்றது.

தமிழ் அறிந்தவர்க்கு இது அந்நியமான செய்தியன்று. மரத்தின் கிளைக்குச் 'சினை' என்றொரு பெயருண்டு. நம் இலக்கணகாரர் கையையும் கண்ணையும் அதே சொல்லால் சினை என்றனர். சினையை உடையது முதல். முதல் இன்றிச் சினை இல்லை. கஹால் சொன்னதும் இதுவே: ஒவ்வொரு கிளைக்கும் அதற்கே உரிய ஒரு மரம் உண்டு.

ஆதலால் கலைச்சொல் ஆக்குவோர் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். டெண்ட்ரைட்டை 'இழை' என்று எழுதினால் வலைதான் நினைவில் எழும். மாணவன் அறியாமலே கொல்கியின் பக்கம் சேர்ந்துவிடுவான். 'கிளை' என்றால் மரம் எழும். ஒரு சொல்லைத் தெரிவது, பல வேளைகளில் ஒரு கருத்தைத் தெரிவதாகவே முடிகிறது.