ஈதர்நெட்டின் பெரும் பொட்டலங்கள்

கணிப்பொறிகளிடையே செய்தி ஆறுபோல் ஓடுவதன்று; பொட்டலம் பொட்டலமாகச் செல்வது. அமெரிக்காவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1973-இல் தொடங்கிய ஈதர்நெட் முறைக்கு, 1980-இல் வெளியான விதி ஓர் எல்லை வகுத்தது: ஒரு பொட்டலத்தின் சரக்கு 1,500 பைட்டுக்கு மேற்படலாகாது. கம்பியின் வேகம் அதன்பின் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகியும், அந்த விதி பெயரளவில் மாறவில்லை.

அளவைப் பெருக்கினால் ஆதாயம் என்ன? விநாடிக்கு நூறு கோடி பிட் செல்லும் கம்பியில் 1,500 பைட்டுப் பொட்டலங்கள் ஏறத்தாழ 81,000 வந்திறங்கும். 9,000 பைட்டாக்கினால் 13,800 போதும். கம்பியில் மிச்சமாவது நூற்றுக்கு இரண்டே. அதற்காக இத்தனை பாடு வேண்டுவதில்லை. பொட்டலந்தோறும் கணிப்பொறி செலுத்தவேண்டிய கவனம் குறைவதே மெய்யான லாபம். அண்மைக்கால வலையட்டைகள் பல சிறு பொட்டலங்களைத் தாமே சேர்த்துக் கொடுப்பதால், அதுவும் முன்போல் பெரிதன்று.

பெங்களூரிலும் புனேயிலும் இத்தொழிலில் அமர்ந்துள்ள நேயர்கள் இதனைக் கையால் சோதித்தறியலாம். இரண்டு லினக்ஸ் கணிப்பொறிகளை ஒரே கம்பியால் இணைப்போம். உச்ச அளவு 9,000 என்று ஆணையிட்டால் சில அட்டைகள் ஏற்கும்; சில மறுக்கும். மறுப்பது கம்பியன்று, அட்டையை இயக்கும் டிரைவர். ரியல்டெக் சில்லுகளின் ஒரே குடும்பத்திலேயே இந்த வரம்பு சில்லுக்குச் சில்லு வேறுபடுகிறது. ஏற்றுக்கொண்ட டிரைவருக்கும் சங்கடம் வரலாம். நினைவகம் பெரும்பாலும் 4,096 பைட்டுப் பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. 9,000 பைட்டைத் தொடர்ச்சியாக வைக்க விரும்பும் டிரைவருக்கு மூன்று பக்கம் போதுமெனினும், ஒன்று, இரண்டு, நான்கு என்ற கணக்கிலேயே இடம் கிடைக்கும். பலநாள் ஓய்வின்றி இயங்கிய பொறியில் காலியிடம் சிதறிக் கிடக்கும். நான்கு பக்கங்கள் அடுத்தடுத்து அகப்படாமற் போகலாம்.

இடையே சுவிட்சை வைத்தால் அபாயம் வேறு. முன்பு அகலப்பாதையும் மீட்டர்பாதையும் சந்தித்த ரயில் நிலையங்களில் சரக்கை வண்டி மாற்றி ஏற்றினார்கள். சுவிட்ச் அவ்வுதவி செய்யாது. தன் வரம்பை மீறிய பொட்டலத்தை ஓசையின்றி எறிந்துவிடும். முதற் பேச்சுவார்த்தைப் பொட்டலங்கள் சிறியன. ஆதலால் இணைப்பு ஏற்படும். கோப்பு நகரத் தொடங்கியதும் எல்லாம் நிற்கும். இரவில் எடுக்கவேண்டிய பதிவேட்டு நகல் எடுக்கப்படாமலே பொழுது விடியும்.

எனவே, பிரிக்கலாகாது என்ற குறிப்போடு 8,972 பைட் 'பிங்' அனுப்பிப் பார்ப்போம். தலைப்புகளின் 28 சேர்ந்து 9,000 ஆகும். விடை வராவிடில் 1,472 அனுப்புவோம். அதற்கு மட்டும் விடை வந்தால், வழியிலுள்ள ஒவ்வொரு சுவிட்சின் வரம்பையும் பார்க்கவேண்டியதுதான்.