நடவு ஆட்களின் மனநிலையும் நடவின் தரமும்



நாற்றின் வயது, இடைவெளி, உரம் பற்றியெல்லாம் பலமுறை பேசியாயிற்று. இன்று நடவு ஆட்களின் மனநிலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 'இதுவும் வேளாண்மையா?' என்று கேட்பீர்கள். வேளாண்மைதான்.

திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. சதுர இடைவெளியில், மேலாக நட வேண்டும். சதுர மீட்டருக்கு 16 குத்துகள்தாம். கொத்தாக நட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிது. முதல் நாள் வேலை மெதுவாகவே நடக்கும். வரிசையில் ஒருவர், "இந்தப் புல்லை நட்டு என்ன விளையப் போகிறது?" என்று முணுமுணுத்தால் போதும். அந்தச் சலிப்பு இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை பரவிவிடும். அதன்பின் குத்துக்கு மூன்று நாற்று விழும், ஆழமாக அழுத்தப்படும், வரிசை கோணும். ஆழத்தில் நட்ட நாற்று தூர் கட்டத் தாமதமாகும். வரிசை கோணினால் கோனோ களைக்கருவி ஓடாது. பிறகு கைக்களை எடுக்கும் செலவு உங்கள் தலையில்தான்.

மனநிலை தொற்றும் என்பது வெறும் பேச்சன்று. அமெரிக்க ஆய்வாளர் சிகல் பார்சேடு 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஊக்கத் தொகையைப் பங்கிடும் வேலையைச் சிறு குழுக்களுக்குக் கொடுத்து, நடிக்கப் பயின்ற ஒருவரை மற்றவர் அறியாதவாறு உள்ளே அமர்த்தினார். அவர் முகமலர்ச்சியோடு பேசிய குழுக்களில் மற்றவர்களும் மலர்ந்தனர். ஒத்துழைப்பு கூடிற்று, பூசல் குறைந்தது. நடவில் பாட்டுப் பாடிக் குலவையிடும் நம் பெண்கள் இதை எந்த ஏட்டிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை!

ஆனால் வரப்பில் நின்று சிரித்துப் பேசினால் மட்டும் போதாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசிவிட்டு, நேரம் பிடிக்கும் முறையில் நடச் சொன்னால் நட்டம் ஆட்களுக்குத்தான். அந்த முணுமுணுப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே புதிய முறையில் நடும் முதல் ஓரிரு நாட்களுக்கேனும் நாட்கூலியாகப் பேசுங்கள். முதல் நாள் மாலையே குழுத் தலைவியிடம் நாற்றைக் காட்டி, ஏன் ஒற்றை நாற்று என்று விளக்குங்கள். அவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களிடம் நீங்கள் பேச வேண்டிய தேவையே அநேகமாக இராது. மறுநாள் முதல் இரண்டு வரிசைகளை அவரே நடட்டும்.

தொடக்கத்தில் 10 சென்ட்டுக்கு மேல் வேண்டாம். சற்று நட்டானதும் ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்தை வைத்துக் குத்துகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் வரப்பில் நின்று கத்தாமல், தலைவியைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.