ஓட்டு இல்லாதவங்களுக்காகவும் பேசுவோமா?

(கிளியனூர் தெருமுனைக் கூட்டத்தில் நமது ஐடி விங் தோழர் பேசியது)



மே 18 வந்தா போதும். எல்லாக் கட்சிப் பக்கத்திலும் மெழுகுவத்தி, கறுப்பு டிபி, முள்ளிவாய்க்கால் படம். உக்ரைன்ல, காசாவுல குண்டு விழுந்தா மறுநாளே கண்டன போஸ்டர். போடட்டும், தப்பில்ல. ஆனா ஒண்ணு கேளுங்க: அந்தக் கண்ணீர் செத்தவங்களுக்கா, ஓட்டு போடுற உங்களுக்கா?

நம்ம ஊருக்குக் கிழக்கே, ஈசிஆர் ஓரமா, கீழ்புத்துப்பட்டு முகாம். 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக் கடல் தாண்டி வந்த ஈழத் தமிழர்கள்ல ஒரு பகுதி அங்கதான் இருக்காங்க. தமிழ்நாடு முழுக்க இப்படி நூறுக்கு மேல முகாம்கள்.

என்னை மாதிரியே இன்ஜினியரிங் முடிச்ச பசங்க அந்த முகாம்கள்ல உண்டு. குடியுரிமை இல்ல. அதனால அரசு வேலை இல்ல, இந்திய பாஸ்போர்ட் இல்ல, ஓட்டும் இல்ல. படிச்சவன் பெயிண்ட் அடிக்கப் போறான்.

2019 டிசம்பர்ல சிஏஏ வந்துச்சு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் இருந்துச்சு, இலங்கை இல்ல. ராஜ்யசபாவுல 125 பேர் ஆதரவு, 105 பேர் எதிர்ப்பு. ஆதரிச்சவங்கள்ல தமிழ்நாட்டு எம்.பி.க்களும் இருந்தாங்க!

2021-ல 'அகதிகள் முகாம்' என்ற பேர் 'மறுவாழ்வு முகாம்' ஆச்சு. நல்லது. ஆனா பேர் மாறினா குடியுரிமை வந்துடுமா? அது டெல்லி கையில இருக்கு.

வழியே இல்லையா? இருக்கு. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்தவங்க பிறப்பாலேயே குடிமக்கள். 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு சகோதரி கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க. 2024 மக்களவைத் தேர்தல்ல முதல் ஓட்டு போட்டாங்க. அவங்களுக்காக யாரும் சட்டத்தைத் திருத்தல. பிறப்புச் சான்றிதழும் வாதாட வக்கீலும்தான் தேவைப்பட்டுச்சு. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் நாடாளுமன்றம் வழி செய்யணும்.

அதனால, ஈழம்னு மைக் பிடிக்கிற யாரா இருந்தாலும், நம்ம மேடையா இருந்தாலும், ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த முகாம்ல எத்தனை பேருக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தீங்க? டெல்லியில குடியுரிமைக்காக எத்தனை தடவை எழுந்து பேசினீங்க?

பதில் வந்தா கை தட்டுவோம். வரலைன்னா, அது அனுதாபம் இல்ல தோழர்களே, விளம்பரம்!

படிச்சதோட நிறுத்தாம பகிருங்க.

#குடியுரிமை_கொடு #கிளியனூர்