ஆயிரம் அடி போட்டா தண்ணி வந்துருமா?

போன மாசம் கம்பம் பக்கத்துல, மாமாவோட மேட்டுத் தோட்டத்துல 900 அடி போர் போட்டாங்க. வந்தது பாறைத்தூள் புகை மட்டும்தான். மிச்சம், கடன்.

ஏன்? தேனி மாவட்டத்தில் பெரும்பாலும் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே இருக்கிற மண்ணும் சிதைஞ்ச பாறையும்தான் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியைப் பிடிச்சு வைக்கும். அதுக்குக் கீழே வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணி. ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும்.

கீழே வயக்காட்டுக் கிணறுகள் எப்படி ஊறுது? 1895-லிருந்து முல்லைப் பெரியாறு தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பள்ளத்தாக்குக்கு வருது. நெல் வயலில் நிற்கிற அந்தத் தண்ணி மெதுவா மண்ணுக்குள்ள இறங்கி, பக்கத்துக் கிணறுகளுக்கும் போய்ச் சேருது.

மேட்டு நிலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. மழையும் கண்மாயும்தான் கதி. மாமா அடுத்த போருக்குப் பணம் புரட்டுறார். "முதல்ல கண்மாயைத் தூர் வாருவோம் மாமா"ன்னேன். இன்னும் பதில் வரல.