லயத்துப் பிள்ளையின் குரல்



1930களில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். வாய்திறக்கப் பயந்தவர்களின் துயரத்தை அவர் பாட்டு வெளியே சொன்னது.

இன்றும் லயத்துப் பிள்ளைகள் பலர் மனதிலுள்ளதைச் சொல்வதில்லை. அம்மா மலையில் கொழுந்தெடுக்கிறார், அல்லது வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிறார். நெருக்கமான காம்பராவில் அழக்கூட மறைவிடமில்லை. அந்தப் பிள்ளை நாலுபேரோடு சரளிவரிசை பாடும்போது யாரும் அதனிடம் கேள்வி கேட்பதில்லை. குரல் தானாக வருகிறது. சிலருக்குப் பிறகு பேச்சும் வருகிறது.

மாலை வகுப்பென்றால் தூரத்துத் தோட்டத்துப் பிள்ளைக்குப் பஸ் கிடைக்காது. பாடவேளைக்குள்ளேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களும் அதில் சேரட்டும். அவர்களுடைய அப்பாயிமார் பாடியவைதானே! சுருதிப்பெட்டிச் செலவையும் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக் கட்டணத்தையும் நம் சங்கம் ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.